சும்மாடு இல்லாத சாகசம்

தமிழ்ச் சாகசக் கதைகளில் வரும் மனிதர்களுக்குத் தோள் உண்டு, மார்பு உண்டு, மார்பில் விழுப்புண் உண்டு. முதுகு மட்டும் கிடையாது. முதுகு என்று ஒன்று இருந்திருந்தால் அதில் ஒரு மூட்டையும் இருந்திருக்கும். வீரநாராயண ஏரிக்கரையிலிருந்து தஞ்சாவூருக்கும், தஞ்சாவூரிலிருந்து பழையாறைக்கும், அங்கிருந்து கோடிக்கரைக்கும், பிறகு கடல் தாண்டி ஈழத்துக்கும் ஒருவன் போகிறான். இடுப்பில் ஓலையும் பொற்காசும் இருக்கின்றன. மாற்றுத் துணி எங்கே, குதிரைக்குக் கொள்ளு எங்கே, வழிக்குக் கட்டுச்சோறு எங்கே என்று கேட்க வாசகனுக்கு அவகாசம் தரப்படுவதில்லை. அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவன் வேறு ஊரில் இருக்கிறான்.

நான் சொல்ல வருவது சிக்கலான விஷயமல்ல. எந்தச் சாகசத்துக்கும் ஒரு சுமை உண்டு. அதை யாரோ சுமக்கிறார்கள். தமிழ் நாவல் அந்த யாரோவைப் பார்க்க மறுத்திருக்கிறது. பெரும்பாலும் அந்த யாரோ ஒரு பெண். இந்த மறுப்பை ரசனைக் குறைவு என்று சொல்லித் தாண்டிப் போய்விட முடியாது. நாம் எதை அனுபவம் என்று எண்ணுகிறோம், எதை வெறும் வேலை என்று ஒதுக்குகிறோம் என்ற கேள்வியில் அது வந்து முட்டுகிறது.

கல்கியைத் திட்டிப் புண்ணியம் தேடுவது சிறுபத்திரிகைக்காரர்களின் பழைய வழக்கம். அவர் ஜனரஞ்சகர், அவர் கனவு வியாபாரி, அவர் வரலாற்றை நாடக மேடை ஆக்கியவர் என்றெல்லாம் எழுதியாகிவிட்டது. அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பது என் உத்தேசமல்ல. கனவு காண எவருக்கும் உரிமை உண்டு. அந்தக் கனவுக்கு எடை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இதற்குப் பூங்குழலியை விடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னில் உடம்பால் வேலை செய்கிற முக்கிய பாத்திரம் யார் என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் சதி செய்கிறார்கள், ஒட்டுக் கேட்கிறார்கள், சபதம் செய்கிறார்கள், மயங்கி விழுகிறார்கள். பூங்குழலி படகு வலிக்கிறாள். புதைசேற்றில் மாட்டிக்கொண்ட வந்தியத்தேவனை இழுத்துக் கரையேற்றுகிறாள். இரவில் அவனைப் படகில் ஏற்றி ஈழத்தில் கொண்டு விடுகிறாள். புயலடித்த கடலில் தத்தளிக்கிறவர்களை மீட்கிறாள். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும் அருள்மொழிவர்மனைச் சேந்தன் அமுதனோடு சேர்ந்து கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டு சேர்க்கிறாள். இவளைக் கழித்துவிட்டால் கதைத் தலைவர்கள் இரண்டு பேரும் பாதி வழியில் செத்துப் போயிருப்பார்கள். இத்தனைக்கும் சாகசக்காரன் என்ற பெயர் வந்தியத்தேவனுக்கு.

ஓர் இரவு முழுக்கத் துடுப்புப் போட்ட கை மறுநாள் எப்படி இருக்கும்? காவேரியில் பரிசல் போட்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்திருக்கும். தோள்பட்டையைத் தூக்க முடியாது. சோற்றைப் பிசையக் கை மடங்காது. பூங்குழலிக்கு அப்படியொரு மறுநாள் வருவதேயில்லை. அவள் பாடுகிறாள். பாட்டெல்லாம் மனசைப் பற்றியது. கையைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. அலை, காற்று, இருட்டு எல்லாம் அவள் காதலுக்கு உவமையாகப் பயன்படுகின்றன. துடுப்புக்கு எடை உண்டு என்ற செய்தி மட்டும் வாசகனுக்கு வந்து சேர்வதில்லை. ஐந்து பாகங்களின் முடிவில் சேந்தன் அமுதனை மணந்து அவள் சோழ நாட்டின் ராணியாகிறாள். செய்த வேலைக்கெல்லாம் கல்யாணம் கூலியாகிறது. கணக்குத் தீர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்த நாவலில் பிறருக்காகச் சுமக்கிற வேறு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி மந்தாகினி. காவேரியில் விழுந்த குழந்தையைத் தூக்கிக் கரை சேர்த்தவள். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் ஈழத்துக் காடுகளில் அவனைப் பின்தொடர்ந்து காத்தவள். கடைசியில் சுந்தர சோழர் மேல் வந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறவள். இன்னொருத்தி அவள் தங்கை வாணி, சேந்தன் அமுதனின் தாய். வழிப்போக்கனாக வந்த வந்தியத்தேவனுக்குச் சோறு போடுகிறவள். இரண்டு பேரும் ஊமைகள். கதையின் ரகசியத்தைக் காப்பாற்ற இந்த ஊமைத்தனம் கல்கிக்குத் தேவைப்பட்டது என்று சொல்லலாம். சரி. ஆனால் ஒரு சிருஷ்டியில் ஆசிரியன் சௌகரியத்துக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுகளும் சாட்சி சொல்லும். சுமக்கிறவர்களுக்கு வாய் இல்லாமல் இருப்பது கதைக்கு எவ்வளவு சௌகரியம் என்று இந்த இரண்டு பேரும் சொல்லாமல் சொல்கிறார்கள்.

2022இலும் 2023இலும் இந்த நாவல் இரண்டு பாகங்களாகப் படமாக வந்தது. படகில் நிற்கும் பூங்குழலியின் அழகைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அவள் வேலையைப் பற்றிப் பேசிய ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அது மாயக் கதை ஐயா, சாகசக் கதை. அதில் போய் அரிசி மூட்டையும் உப்புப் பொட்டலமும் தேடுவது அசட்டு யதார்த்தவாதம். கதையில் ரயில்வே கால அட்டவணையைக் கேட்பீர்கள் போலிருக்கிறதே! இந்தப் பதில் சொல்கிறவர்களுக்கு யதார்த்தமும் தெரியாது, மாயமும் தெரியாது. மாயக் கதைக்குத்தான் எடை அதிகம் தேவை. பறக்கும் கம்பளத்தை நம்ப வேண்டுமானால் அதில் உட்கார்ந்திருப்பவனின் கால் மரத்துப் போக வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ முடிந்த அதே 1954இல் இங்கிலாந்தில் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வந்தது. குட்டிச்சாத்தான்களும் மந்திரவாதிகளும் பேசும் மரங்களும் நிறைந்த கதை. அதை எழுதியவர் 1916இல் ஸோம் போர்க்களத்தில் இருந்தவர். மூட்டை என்றால் என்ன என்று தெரிந்தவர். அவருடைய கூட்டம் பயணம் கிளம்பும்போது ஒரு மட்டக்குதிரை கூடப் போகிறது. சுரங்க வாசலில் அதை அவிழ்த்து விட வேண்டி வரும்போது, அது சுமந்ததில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர்கள் பங்கிட வேண்டியிருக்கிறது. வேலைக்காரனாகக் கூடப் போகும் ஸாம் என்ற தோட்டக்காரன் சமையல் பாத்திரங்களைக் கதை நெடுகத் தூக்கிக்கொண்டு போகிறான். ஒரு பெட்டியில் கொஞ்சம் உப்பும் வைத்திருக்கிறான். கடைசி மலைக்கு முன்னால், இனி திரும்பி வந்து சமைக்கப் போவதில்லை என்று தெரிந்த இடத்தில், அந்தப் பாத்திரங்களைப் பள்ளத்தில் வீசுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்கு என்ன செய்கிறது என்று டோல்கீன் நின்று கேட்கிறார். அந்தப் பெரிய நாவலில் எனக்கு மந்திரவாதியின் மரணத்தை விட இந்தச் சட்டி விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பது வேறு வழக்கு. அதை அவர்கள் ஊரில் பேசிக்கொள்ளட்டும்.

இலக்கியம் கிடக்கட்டும், பொம்மைக்கே வருவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு பேர் பகடை உருட்டி ஆடும் ஒரு கதை விளையாட்டை அச்சிட்டு விற்றார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். நாலைந்து பேர் ஒரு கூட்டமாகி, ஒருவன் போர்வீரன், ஒருத்தி மந்திரக்காரி என்று வேஷம் போட்டுக்கொண்டு குகைக்குள் புதையல் தேடப் போகிறார்கள். அசல் பாலிய விளையாட்டு. ஆனால் அதன் முதல் பதிப்பிலேயே சுமைக்கு விதி இருக்கிறது. கத்தி இவ்வளவு, கவசம் இவ்வளவு, கயிறும் தீப்பந்தமும் இவ்வளவு என்று நாணய எடையில் கூட்டிப் பார்க்க வேண்டும். எடை கூடினால் நடை குறையும். புதையல் கிடைத்தால் அதற்கும் எடை உண்டு. எதையாவது போட்டுவிட்டுத்தான் அதை எடுத்துக்கொள்ள முடியும். பகடை உருட்டும் பையன்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி நம் சரித்திர நாவலாசிரியர்களுக்குத் தெரியவில்லை.

இந்த மரபிலிருந்து கிளைத்த கணினி விளையாட்டு ஒன்று 2011இல் வந்தது, ‘ஸ்கைரிம்’ என்று. என் அண்ணன் பேரன் அதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதில் லிடியா என்று ஒரு வீராங்கனை. கதாநாயகனுக்குத் துணையாக அனுப்பப்பட்டவள். அவளும் வாள் பிடிக்கிறவள்தான். ஆனால் ஆடுகிறவர்கள் அவளிடம் செய்வது ஒரே காரியம்: கொல்லப்பட்டவர்களின் கவசம், பூதத்தின் எலும்பு, வழியில் பொறுக்கிய பானை சட்டி எல்லாவற்றையும் அவள் தலையில் ஏற்றுவது. ஒவ்வொரு தடவையும் அவள், தன் எஜமானின் சுமையைச் சுமப்பதாகச் சத்தியம் செய்து கொடுத்திருப்பதை நினைவுபடுத்துகிறாள். அந்தக் குரலில் ஒரு சலிப்பு இருக்கிறது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் அந்தச் சலிப்பைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிலராவது கொஞ்சம் வெட்கப்பட்டும் இருப்பார்கள். ஒரு வியாபார விளையாட்டு தன் சுமைதாங்கிக்கு ஒரு சலித்த குரலைக் கொடுத்திருக்கிறது. நம்முடைய மகத்தான சரித்திர நாவல் தன் சுமைதாங்கிகளை ஊமையாக்கி வைத்திருக்கிறது.

மேல்நாட்டுச் சரக்கைக் காட்டி மிரட்டுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தக் கணக்கை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே போட்டுப் பழகியவர்கள் நாம். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம், ஊர் ஊராகப் போகும் கூத்தர் கூட்டத்தைப் பற்றியது. பெருங்கௌசிகனார் அதை எதில் தொடங்குகிறார்? அரசன் புகழிலா? இல்லை, சாமான் பட்டியலில். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றைப் பையில் கட்டிக் காவிக்கொண்டு போவது பலாமரத்தில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குவது போல் இருக்கிறது என்கிறார். கூட வரும் விறலியரின் பாதத்தைச் சொல்ல அவருக்குத் தாமரை நினைவுக்கு வரவில்லை. களைத்துப் போன நாய் தொங்கவிடும் நாக்கு நினைவுக்கு வருகிறது. கல்லில் நடந்து நடந்து தேய்ந்து சிவந்த பாதம். பிறகு எந்தக் குடியிருப்பில் என்ன சோறு கிடைக்கும் என்று வழி நெடுக ஒரு கணக்கு. சுமை, கால், சோறு. ஒரு பயணத்துக்கு வேண்டிய மூன்றும் அங்கே இருக்கின்றன. அதனால்தான் கடைசியில் வரும் நன்னனின் கொடைக்கு அர்த்தம் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு கூட்டம்தான்: இரண்டு பெண்கள், ஓர் ஆண். புகாரை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே கண்ணகி மூச்சு வாங்கிக்கொண்டு மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே அழ வேண்டியிருக்கிறது. வழித்துணையாகக் கிளம்பும் கவுந்தி என்ன எடுத்துக்கொண்டாள் என்று இளங்கோ குறித்து வைக்கிறார்: பிச்சைப் பாத்திரம், தோளில் அறுவை, கையில் மயில்பீலி. அவ்வளவுதான் சாமான். அந்த மூட்டையே அந்தப் பெண்ணின் சரித்திரம். திருவரங்கத்துக்கு வந்து ஓடமேறித் தென்கரை சேர்ந்து உறையூர் போகிறார்கள். அதற்கப்புறம் வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். மதுரையில் மாதரி வீட்டில் கண்ணகிக்குச் சமையலுக்கு வந்த சாமானில் பலா, வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி எல்லாம் எண்ணப்படுகின்றன. காய் நறுக்கிய விரல் சிவந்ததும், அடுப்பனலில் முகம் வியர்த்ததும், வாழையின் குருத்திலையை விரித்துப் பரிமாறியதும் எண்ணப்படுகின்றன. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். அந்த விரல் சிவக்காமல் மதுரை எரிந்திருந்தால் அது வெறும் வாணவேடிக்கை. இப்படிப்பட்ட நூலை வைத்திருக்கும் பாஷையில் பூங்குழலியின் உள்ளங்கை காணாமல் போனது எப்படி?

அவள் தாண்டிய கடலைப் பற்றியே யோசித்தால் பதில் கிடைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதே கடலைத் தோணியில் தாண்டினார்கள். மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கங்காணிக்குப் பின்னால் ஒவ்வொரு கூட்டமாகப் போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். சட்டி, பானை, அரிசி, பாய், கைக்குழந்தை எல்லாம் ஒரு பெண்ணின் தலையிலும் இடுப்பிலும் போயிருக்கும். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதுகில் கூடை. ஆள் சேர்க்கும் இந்தக் காரியத்தை ஒழுங்குபடுத்த 1904இல் தோட்ட முதலாளிகள் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமை அலுவலகம் நம் திருச்சியில்தான் இருந்தது. தமிழர்கள் கூட்டமாகக் கடல் தாண்டிக் காட்டுக்குள் போன நிஜமான சாகசம் இது. புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் மருதியை அனுப்பி அதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். 1948இல் இலங்கை அரசு இந்த ஜனங்களின் பிரஜா உரிமையைப் பறித்தது. இரண்டு வருஷம் கழித்து, 1950இல், தமிழ்நாட்டு வாசகர்கள் வாரா வாரம் வந்தியத்தேவனோடு ஈழத்துக்குப் படகேறத் தொடங்கினார்கள். அந்தப் படகில் மூட்டை எதுவும் இல்லை. நமக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே ஜனங்கள் மூட்டையோடு திரும்பி வந்தபோது அவர்களைப் பார்க்க நம் கதைகள் நம்மைத் தயார் செய்திருக்கவில்லை.

நான் ஜீயபுரத்துக்காரன். திருச்சிக்கு மேற்கே, காவேரித் தென்கரையில், ஈரோடு ரயில் பாதையில் முத்தரசநல்லூருக்கு அடுத்த ஸ்டேஷன். எங்கள் ஊருக்கும் ஒரு மாயக் கதை உண்டு. காவேரிக்குப் போன பேரனை வெள்ளம் கொண்டு போய்விட்டது. பாட்டி ரங்கனைக் கூப்பிட்டு அழுதுகொண்டு காத்திருந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெருமாளே பேரன் உருவில் வந்து அவள் சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிட்டார். பிறகு நிஜப் பேரனும் வந்து சேர்ந்தான். அதை நினைவு வைத்து வருஷா வருஷம் பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். இதை நான் ஆன்மீகத்துக்காகச் சொல்லவில்லை. கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். தெய்வத்தின் சாகசம் ஒரு கிழவியின் சமையலில் போய் முடிகிறது. அந்தச் சோறு இல்லாவிட்டால் கதையே இல்லை. வருஷா வருஷம் தெய்வம் வந்து போவதற்கும் மனிதத் தோள் வேண்டியிருக்கிறது. தூக்கி வருகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர் உண்டு, முறை உண்டு, மரியாதை உண்டு. தோளில் தூக்கும் வாகனம் ஒன்றுக்குத் தோளுக்கினியான் என்று கோயில் வழக்கில் பெயர். அந்த இனிமையைப் பற்றித் தோளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் கோயில் தன் சுமைக்கு ஒரு பெயராவது வைத்திருக்கிறது. நாவல் அதையும் செய்யவில்லை.

இங்கே ஆற்றோரம் முழுக்க வாழை. தார் சுமந்து லாரிக்கு ஏற்றுவது ஆண்கள். அதற்குக் கூலி உண்டு. கூலி போதாவிட்டால் சண்டையும் உண்டு. புல்லுக்கட்டு, விறகு, தண்ணீர்க் குடம், ரேஷன் அரிசி, வயலுக்குப் போகும் சாப்பாட்டுத் தூக்கு, இடுப்புப் பிள்ளை, இதெல்லாம் பெண்களுக்கு. அதற்குக் கூலி என்ற பேச்சே எழாது. அது சுமை என்ற கணக்கிலேயே வருவதில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆண் எவ்வளவு தூக்கலாம், பெண் எவ்வளவு தூக்கலாம் என்று மாநில அரசு விதி செய்ய இடம் கொடுத்தது. தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே அந்த விதி நடக்காது. வீட்டுக்குள் நடக்கவே நடக்காது. சட்டம் நின்றுவிடுகிற இடத்திலிருந்துதான் இலக்கியத்தின் வேலை ஆரம்பிக்கிறது. அம்பை ‘வெளிப்பாடு’ கதையில் ஒரு பெண் ஆயுசில் சுட்ட தோசைகளை லட்சக் கணக்கில் கூட்டிக் காட்டினார். கவித்துவமான வாக்கியம் எதுவும் செய்ய முடியாததை அந்தக் கூட்டல் செய்தது. அதை யாரும் சாகசக் கதை என்று வகைப்படுத்தவில்லை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இப்போது புது மோஸ்தர் ஒன்று வந்திருக்கிறது. சரித்திரமும் மாயமும் கலந்த நாவல்களில் பெண் கையில் வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். இளவரசி குதிரை ஏறுகிறாள், ஒற்றர்களை வெட்டுகிறாள், அட்டைப்படத்தில் புருவத்தை உயர்த்துகிறாள். பெண்ணுக்கு நியாயம் செய்துவிட்டதாக ஆசிரியருக்கு ஒரு திருப்தி. இந்த நாவல்களில் இரவு வந்து கூட்டம் காட்டில் தங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்து வருகிறேன். காயத்துக்குப் பச்சிலை அரைக்கிறவள் அவளே. கிழங்கு சுடுகிறவள் அவளே. தலைவனின் பால்ய துக்கத்தை விடிய விடியக் கேட்கிறவளும் அவளே. காலையில் மறுபடியும் வாள். பழைய மூட்டையை இறக்காமல் அதன் மேல் ஒரு ஆயுதத்தையும் ஏற்றி, இதற்கு விடுதலை என்று பெயர் வைக்கிறார்கள். பூங்குழலிக்காவது துடுப்பு ஒன்றுதான்.

கடைசியாக நம்மைப் பற்றி. இதைப் படிக்கிறவர்கள் இருநூறு முந்நூறு பேர். எல்லாரும் எழுதுகிறவர்கள். சிறுபத்திரிகை என்பதும் ஒரு சாகசக் கூட்டம்தான். வனாந்தரத்தில் போகிறோம், பூதங்களோடு சண்டை போடுகிறோம், புதையல் நமக்கு மட்டும் தெரியும் என்று நம்புகிறோம். ‘எழுத்து’ பிரசுரங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு சி.சு. செல்லப்பா கல்லூரி கல்லூரியாகப் போனதை நாம் காவியமாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஒரு ஆசிரியர் தன் முதுகில் சுமந்தார் என்பதால் அது காவியமாயிற்று. ஆனால் எத்தனை பத்திரிகைகளின் முதல் இதழ் அடகுக்கடை ரசீதில் பிறந்தது? யாருடைய வளையல்? ராத்திரி பன்னிரண்டு மணி வரை நவீனத்துவத்தைப் பற்றி நாம் சர்ச்சை செய்தபோது அடுப்படியில் எத்தனையாவது தடவை பால் காய்ந்தது? புரூஃப் திருத்தியது, விலாசம் எழுதியது, தபால்தலை ஒட்டியது, கட்டைத் தபாலாபீசுக்குத் தூக்கிப் போனது யார்? நம் நினைவுக் குறிப்புகளில் இவர்கள் ‘விருந்தோம்பல் மிக்க துணைவியார்’ என்று அரை வரியில் வந்து போகிறார்கள். மந்தாகினியும் வாணியும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடப் பழையாறைக்குப் போக வேண்டியதில்லை. கல்கியை ஏளனம் செய்த நாம் அவருடைய கதையின் ஏற்பாட்டை நம் வீட்டுக்குள் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சுமையை இலக்கியம் இறக்கி வைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தலைக்கும் பாரத்துக்கும் நடுவே ஒரு துணியைச் சுருட்டி வைத்துச் சும்மாடு என்கிறோம். பாரம் குறைவதில்லை, ஆனால் அங்கே ஒரு தலை இருக்கிறது என்பதை அந்தத் துணி ஒத்துக்கொள்கிறது. எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். உங்கள் அடுத்த கதையில் ஒரு கூட்டம் பயணம் கிளம்பினால் அரிசி எத்தனை படி, அது யார் தலையில், எத்தனையாவது காதத்தில் அவள் அதை இறக்கி வைக்கக் கேட்டாள், அப்போது மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பத்திரிகை நடத்துகிறவர்கள், அடுத்த இதழில் ஆசிரியர் குழுவின் பெயர்களை அச்சிடும்போது, இதழைக் கட்டித் தபாலில் சேர்த்தவரின் பெயரையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். இதற்கு இடமில்லை என்று நீங்கள் சொன்னால், அந்தப் பதிலையும் அச்சிடுங்கள். அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.